விண்வெளி நிலையத்தின் தூக்க ஏற்பாடு: அறை தேறியது, அட்டவணை தேறவில்லை

தூங்குவதற்கென்று எட்டரை மணி நேரம் அட்டவணையில் இருக்கிறது. ஆள் தூங்குவது ஆறு மணி நேரம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் தூக்கத்துக்காகச் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டை எடைபோட இந்த இரண்டு எண்களிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். நடுவில் தொலைந்துபோகும் இரண்டரை மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? அறையா, விளக்கா, மாத்திரையா, வேலை நேரமா?

எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சொல்லிவிடலாம். 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, விண்வெளி ஓடங்களில் பறந்த 64 பேரையும் நிலையத்தில் தங்கிய 21 பேரையும் மணிக்கட்டில் அசைவுமானி கட்டவைத்துக் கணக்கெடுத்தது. ஓடத்தில் சராசரித் தூக்கம் 5.96 மணி நேரம், நிலையத்தில் 6.09 மணி நேரம். ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கிய இரவுகள் நிலையத்தில் 24 சதவீதம் மட்டுமே. பூமிக்குத் திரும்பியபின் அது ஏறத்தாழ பாதி இரவுகளாக உயர்ந்தது. ஆக, ஆட்களிடம் கோளாறு இல்லை. இடத்திலோ ஏற்பாட்டிலோதான் இருக்கிறது.

ஆறு மணி நேரம் தூங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2003-இல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனை இதற்குப் பதில் சொன்னது. ஆரோக்கியமான 48 பேரில் சிலரை 14 நாட்கள் தொடர்ந்து நான்கு மணி நேரமும், சிலரை ஆறு மணி நேரமும், சிலரை எட்டு மணி நேரமும் படுக்க அனுமதித்தார்கள். மீதிப் பேர் மூன்று நாள் தூங்கவே இல்லை. ஆறு மணி நேரக் குழுவின் கவனம் இரண்டு வாரத்தில், ஓர் இரவு முழுக்கக் கண் மூடாதவர்களின் நிலைக்குச் சரிந்தது. நான்கு மணி நேரக் குழு இரண்டு இரவு விழித்தவர்களோடு போய்ச் சேர்ந்தது. இதைவிட முக்கியமானது இன்னொன்று: முதல் சில நாட்களுக்குப் பிறகு, தாங்கள் மேலும் மேலும் மோசமாவதை அவர்களே உணரவில்லை. தூக்கம் வருகிறதா என்று கேட்டால், கொஞ்சம்தான் என்றார்கள். கருவியோ வேறு கதை சொன்னது. இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு உறுப்பையும் பார்க்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். தூக்கம் குறைந்த குழு, தான் நன்றாக இருப்பதாகவே நம்பும்.

அறை

நிலையத்தின் ஹார்மனி என்ற பகுதியில் நான்கு தனியறைகள் இருக்கின்றன. இடமும் வலமும் ஒவ்வொன்று, தரைப்பக்கம் ஒன்று, கூரைப்பக்கம் ஒன்று. எடையில்லாத இடத்தில் எந்தச் சுவரும் படுக்கைதான், எனவே திசையைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. ஒவ்வொன்றின் உள்ளளவு ஏறத்தாழ 2.1 கன மீட்டர். ஆள் நிற்கலாம், உடை மாற்றலாம், கதவை மூடிக்கொண்டு மடிக்கணினி பார்க்கலாம். கதிர்வீச்சைக் கொஞ்சம் தடுப்பதற்காகச் சுவருக்குள் பாலிஎதிலீன் பலகை வைத்திருக்கிறார்கள். சாளரம் கிடையாது, அது நல்லதே. ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்டாவின் இரண்டு அறைகளில் சாளரம் உண்டு. காட்சி அருமை. ஆனால் நிலையம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால், மூடியை மறந்தால் ஓர் இரவுக்குள் ஐந்தாறு முறை விடியும்.

படுக்கை என்பது சுவரில் கட்டிய தூக்கப்பை. உடம்பு எதன்மேலும் அழுந்தாததால் புரண்டு படுக்க வேண்டிய தேவையே இல்லை. கைகளை வெளியே விட்டால் முகத்துக்கு முன் மிதந்து நிற்கும். அது பிடிக்காதவர்கள் பைக்குள் அடக்கிக்கொள்வார்கள். தலையணை இருந்தும் பயனில்லை. ஆனால் தலை எதிலாவது சாய்ந்திருக்கும் உணர்வு இல்லாமல் தூங்க முடியாதவர்கள் நெற்றிப்பட்டையால் தலையைச் சுவரோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். முதல் சில நாட்களில் முதுகுத்தண்டு நீள்வதால் பலருக்கு முதுகு வலிக்கும். முழங்கால்களை மார்போடு மடக்கி, அப்படியே பட்டையைப் போட்டு நிறுத்தினால் வலி அடங்கும். எடையின்மை தரும் ஒரு நன்மையும் இருக்கிறது: 1998-இல் இரண்டு ஓடப் பயணங்களில் ஐந்து பேரிடம் அளந்தபோது குறட்டை ஏறக்குறைய இல்லாமலே போனது, தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் பாதிக்குமேல் குறைந்தது. நாக்கையும் தொண்டையையும் பின்னால் இழுக்க எடை இல்லை என்பதே காரணம்.

அறையின் உயிர்நாடி மின்விசிறி. பூமியில் நாம் விடும் மூச்சு வெதுவெதுப்பாக இருப்பதால் தானே மேலே எழுந்து விலகிவிடும். அங்கே வெப்பக்காற்று எழும்புவதில்லை. காற்று ஓடாவிட்டால் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு முகத்தைச் சுற்றியே குமிழாக நிற்கும். தலைவலியோடு, சில சமயம் மூச்சு முட்டி, விழிப்பு வரும். நிலையத்தின் காற்றிலேயே அந்த வாயு பூமியின் வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு இருப்பதால் அறைக்குள் இன்னும் கூட இடம் கொடுக்கக்கூடாது. விசிறிக்கு மூன்று வேகங்கள் வைத்திருக்கிறார்கள். இரைச்சல் பிடிக்காதவர்கள் குறைந்த வேகத்தில் வைப்பார்கள். அப்படி வைப்பவர்கள் தலை காற்று வரும் வாய்ப்பக்கம் இருக்கும்படி பையைக் கட்ட வேண்டும். கால் பக்கம் காற்று, தலை பக்கம் மூலை என்று கட்டிக்கொண்டு, காலையில் தலை பாரமாக இருக்கிறது என்று வருத்தப்படுவதில் பொருளில்லை.

பராமரிப்பில்தான் இந்த அறை தொல்லை தரும். உடையிலிருந்தும் தோலிலிருந்தும் உதிரும் தூசும் நூலும் கீழே படிவதில்லை. காற்றோடு போய் விசிறியின் வாயிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டம் மெல்லக் குறையும். மெல்லக் குறைவதால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. குழாயைத் திறந்து உறிஞ்சுகருவியால் சுத்தம் செய்வது மட்டுமே வழி. அது நேரம் பிடிக்கும் வேலை, அடைசலான வேலையும்கூட. அடுத்த கப்பலுக்கு இதே அறையை எடுப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்: கருவி எதுவும் தேவைப்படாமல் கையால் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய வடிகட்டி விசிறியின் வாயிலேயே வேண்டும்.

பின்னணி இரைச்சலை அளக்கும் என்சி என்ற அளவுகோலில் தூங்குமிடத்துக்கான வடிவமைப்பு வரம்பு 40, வேலை செய்யும் பகுதிகளுக்கு 50. எண்ணில் பத்துதான் வித்தியாசம், காதுக்கு அது ஏறத்தாழ பாதி இரைச்சல். குழு மாறும் நாட்களில் அறைகளைவிட ஆட்கள் கூடிவிடுவதுண்டு. அப்போது சிலர் வந்த கலத்திலோ ஆய்வுக்கூடப் பகுதியிலோ பையைக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன வசதிகள் எதுவும் கிடையாது. அறைக்கு ஐந்தில் நான்கு தரலாம், அறை கிடைத்தவர்களைப் பொறுத்தவரை.

விளக்கு

2016 முதல் நிலையத்தின் பழைய குழல்விளக்குகளைக் கழற்றி எல்இடி விளக்குகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். இவற்றுக்கு மூன்று முறைகள். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும், எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்; லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. சாதாரண வேலைக்கு 4500 கெல்வின், 210 லக்ஸ். விழிப்பைத் தூண்டவும் உடல் கடிகாரத்தை நகர்த்தவும் 6500 கெல்வின், 420 லக்ஸ், நீலச்சாயல் தூக்கலாக. தூங்கப்போகும் முன் 2700 கெல்வின், 90 லக்ஸ், மஞ்சளாக. கண்ணில் பார்வைக்கென்று இருக்கும் செல்களைத் தவிர, மெலனோப்சின் என்ற நிறமி கொண்ட வேறு சில செல்களும் உண்டு. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அவை அதிகம் எழும்பும். அவை எழும்பினால் மூளையின் கடிகாரத்துக்குப் பகல் என்று செய்தி போகும், தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பு அடங்கும். விளக்கின் தத்துவம் அவ்வளவே. தத்துவத்தில் குறை இல்லை.

குறை பயன்பாட்டில். எந்த முறையில் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது ஆள் கையில் இருக்கிறது, களைத்த ஆள் சுவிட்சை மறப்பார். அவர் மறக்காவிட்டாலும் பக்கத்து மடிக்கணினித் திரைகள் மறந்துவிடும். இன்னொன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரையும் இழுக்கும் இடம் பூமியை நோக்கிய குபோலா சாளரம். பகல் பக்கத்துப் பூமி வீசும் ஒளி ஆயிரக்கணக்கான லக்ஸ். ஒன்றரை மணி நேரம் மஞ்சள் விளக்கில் இருந்துவிட்டுப் படுக்கும் முன் கால் மணி நேரம் மேகங்களைப் படமெடுத்தால், 90 லக்ஸ் விளக்கு செய்த வேலை அத்தனையும் வீண். விளக்கை வாங்குபவர்கள் சாளரத்துக்கும் திரைகளுக்கும் சேர்த்தே விதி எழுத வேண்டும்: படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து பொது இடங்கள் தானாகவே மஞ்சளுக்கு மாறட்டும், திரைகள் மங்கட்டும், சாளரம் இரவுப் பக்கம் கடக்கும்போது மட்டும் திறக்கட்டும். காலையில் இதற்கு நேரெதிர்: எழுந்த முதல் ஒரு மணி நேரம் 6500 கெல்வினில் முழு வெளிச்சம்.

உடல் கடிகாரம் தவறினால் என்ன நஷ்டம் என்பதற்கும் கணக்கு உண்டு. நிலையத்தில் தங்கிய 21 பேரின் பதிவுகளை வைத்து 2016-இல் வெளியான ஆய்வில், கடிகாரத்தோடு ஒத்துப்போன இரவுகளில் சராசரி 6.4 மணி நேரம் தூங்கியிருந்தார்கள். ஒத்துப்போகாத இரவுகளில் 5.4 மணி நேரம். விண்ணில் தூங்கிய வேளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்படிக் கடிகாரம் தவறியது. முழு ஒரு மணி நேரம் அங்கே போகிறது. விளக்கு மட்டும் சரியாக வேலை செய்தால் மீட்கக்கூடிய மணி நேரம் அது. விளக்குக்கு ஐந்தில் மூன்றரை.

மூன்று நிமிடப் பரிசோதனை

இந்த ஏற்பாட்டில் மிக எளிமையானதும் மிகப் பயனுள்ளதும் இதுதான். 1985-இல் டேவிட் டின்ஜஸும் ஜான் பவலும் வடிவமைத்த எதிர்வினைப் பரிசோதனையின் சுருக்கப் பதிப்பு. மூலப் பரிசோதனை 10 நிமிடம்: திரையில் 2 முதல் 10 விநாடி வரையிலான ஒழுங்கற்ற இடைவெளிகளில் மில்லி விநாடி எண்ணி ஒன்று ஓடத் தொடங்கும், கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். வேறொன்றும் இல்லை. 500 மில்லி விநாடியைத் தாண்டினால் அது ஒரு கவனச் சறுக்கல். சுருக்கப் பதிப்பு 3 நிமிடம், இடைவெளி 1 முதல் 4 விநாடி, சறுக்கலுக்கான எல்லை 355 மில்லி விநாடி. நிலையத்தில் இது மடிக்கணினியில் ஓடியது, முடிந்தவுடன் வீரருக்கே மதிப்பெண் காட்டியது.

ஏன் இவ்வளவு எளிமை? சிக்கலான புதிர்களைத் திரும்பத் திரும்பச் செய்தால் பழகிவிடும், பழக்கத்தால் வரும் முன்னேற்றம் களைப்பை மறைத்துவிடும். பொத்தான் அழுத்துவதில் கற்றுக்கொள்ள ஏதுமில்லை. தூக்கம் குறைந்த மூளை எல்லா நேரமும் சீராக மந்தமாவதில்லை என்பது அடுத்த காரணம். பத்துமுறை வழக்கமான வேகத்தில் அழுத்துவார், பதினோராவது முறை ஒரு விநாடி காணாமல் போவார், மறுபடி வழக்கம்போல. கண் திறந்தபடியே வரும் நொடித்தூக்கம் அது. எனவே சராசரியைப் பார்த்து ஏமாறக்கூடாது. சராசரி கொஞ்சமே நகர்ந்திருக்கும், வாலில் நீண்ட தாமதங்கள் குவிந்திருக்கும். பார்க்க வேண்டியவை மூன்று: சறுக்கல்களின் எண்ணிக்கை, எண்ணி ஓடும் முன்பே அழுத்திய அவசர அழுத்தல்கள், எதிர்வினை நேரத்தைத் தலைகீழாக்கிக் கிடைக்கும் வேகம். சறுக்கலும் அவசர அழுத்தலும் சேர்ந்து கூடினால் ஆள் தூக்கத்தோடு போராடுகிறார் என்று பொருள்.

சரியாக நடத்தாவிட்டால் இதே பரிசோதனை குப்பை எண்களைத் தரும். எழுந்து அரை மணி நேரத்துக்குள் செய்தால் தூக்கக் கலக்கத்தைத்தான் அளக்கும், நாள்கணக்கில் சேர்ந்த தூக்கக் கடனை அளக்காது. ஒருநாள் காலையிலும் மறுநாள் மாலையிலும் செய்து ஒப்பிட்டால் உடல் கடிகாரத்தின் ஏற்ற இறக்கம் குறுக்கே வரும். கருவியை மாற்றினால் திரை, விசைப்பலகைத் தாமதம் பத்திருபது மில்லி விநாடி கூடவோ குறையவோ செய்யலாம், 355 என்ற எல்லையில் அது பெரிய தொகை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவரவர் நன்றாகத் தூங்கிய நாட்களில் எடுத்த அடிப்படை அளவு முன்பே கையில் இருக்க வேண்டும். ஒருவருடைய நல்ல நாள் இன்னொருவருடைய மோசமான நாளாக இருக்கும்.

குறைகளும் உண்டு. மூன்று நிமிடம் என்பது பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கக்கூடிய நேரம். பத்து நிமிடத்தில்தான் சலிப்பு ஏறிச் சாயம் வெளுக்கும். நுட்பமான முடிவெடுக்கும் திறனை இது அளப்பதில்லை. அடுத்தது, மதிப்பெண் யார் கண்ணில் படும் என்ற பயம். குறைந்த எண் தன் அடுத்த விண்நடையைப் பறித்துவிடும் என்று நினைப்பவர், எண் நன்றாக வரும் நேரமாகப் பார்த்துப் பரிசோதனை செய்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

எண்களுக்குப் புறம்பாகக் குழுவிடம் கவனிக்க வேண்டிய அறிகுறிகளும் இருக்கின்றன. முதலில் போவது நீடித்த கவனம்; திரையை வெறித்துக்கொண்டே எண் மாறியதைக் காண மாட்டார்கள். அடுத்து நினைவின் மேசை சுருங்கும், நான்கு படிகள் கொண்ட கட்டளையில் மூன்றாவது விழுந்துபோகும், தரைக்கட்டுப்பாட்டின் சொற்களைத் திருப்பிச் சொல்லும்போது எண்கள் இடம் மாறும். பேச்சு குறையும். பழைய திட்டம் பலிக்காது என்று தெரிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவது இன்னும் அபாயமான அறிகுறி. கனவுத்தூக்கம் இரவின் பின்பகுதியில்தான் அதிகம் வரும் என்பதால், சீக்கிரம் எழுப்பப்படும் குழு இழப்பது பெரும்பாலும் அதை. சிறு பேச்சுக்குப் பெரிய கோபம் வருவதில் அதற்கும் பங்கு உண்டு.

ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் மிகப் பெரியது என்பதற்கு மாஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு பேரை 520 நாட்கள் பூட்டி வைத்து நடத்திய மார்ஸ்-500 ஒத்திகை சாட்சி. ஒருவருடைய நாள் 24 மணி நேரத்தை விட்டு விலகி நீண்டு, மற்றவர்களின் பகலும் அவருடைய பகலும் பொருந்தாமல் போயின. இன்னொருவர் நாள்பட்ட தூக்கக்குறைவில் விழ, பரிசோதனையில் அவருடைய தவறுகள் ஏறின. அறை, விளக்கு, உணவு எல்லாம் ஆறு பேருக்கும் ஒன்றே. குழுவின் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த இருவரும் தென்பட்டிருக்க மாட்டார்கள். பரிசோதனைக்கு ஐந்தில் நான்கரை.

மாத்திரையும் காபியும்

2014 ஆய்வின்படி நிலையத்தில் தங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் தூக்க மருந்து எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் சோல்பிடெம், ஸாலெப்லான். சோல்பிடெத்தின் அரைவாழ்வு, அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், ஸாலெப்லானுடையது ஏறத்தாழ ஒரு மணி நேரம். நடுஇரவில் விழித்துக்கொண்டு மறுபடி தூக்கம் வராதவருக்கு இரண்டாவதே பொருத்தம். விடியற்காலையில் சோல்பிடெம் போட்டால் காலை வேலையில் அது இன்னும் இரத்தத்தில் இருக்கும். 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான சோல்பிடெம் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது இந்த மறுநாள் மந்தத்துக்காகத்தான். எந்த மருந்து தன்னை எப்படிப் பாதிக்கிறது என்று வீரர்கள் தரையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், நல்ல வழக்கம்.

ஆனால் நெருப்பு, காற்றழுத்தம் குறைதல், அம்மோனியா கசிவு என எந்த எச்சரிக்கை மணியும் நேரம் பார்த்து அடிப்பதில்லை. மாத்திரை இல்லாமலே ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவரின் கலக்கம் தெளியக் கால் மணி முதல் அரை மணி நேரம் ஆகும். மாத்திரையோடு இன்னும் மோசம். ஒரே இரவில் குழு முழுக்க மருந்தில் இருக்கக்கூடாது என்ற விதி எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். மெலடோனினைப் பொறுத்தவரை, 1998-இன் அதே இரண்டு ஓடப் பயணங்களில் 0.3 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் தூக்கம் கூடவில்லை. கடிகாரத்தை நகர்த்த உதவலாம், தூங்கவைக்கும் என்று நம்பி எடுத்துச் செல்ல வேண்டாம்.

காபி கடனை அடைப்பதில்லை, வசூலுக்கு வருபவரைக் கொஞ்ச நேரம் வாசலில் நிறுத்திவைக்கும். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்பதால் பிற்பகலுக்குப் பின் கூடாது. இதைவிடக் கைகண்ட மருந்து கோழித்தூக்கம். நீண்டதூர விமானிகளுக்கு 40 நிமிடம் படுக்க இடம் கொடுத்து நாசா நடத்திய ஆய்வில் அவர்கள் சராசரி 26 நிமிடம் தூங்கினார்கள், இறங்கும் கட்டத்தில் தெளிவாக இருந்தார்கள். மாத்திரைப் பெட்டிக்கு ஐந்தில் இரண்டு.

அட்டவணை

தொலைந்த மணி நேரங்களில் பெரும்பங்கு இங்கேதான் கிடக்கிறது. நிலையம் கிரீன்விச் நேரப்படி இயங்குகிறது; வழக்கமாக இரவு 9:30-க்குப் படுக்கை, காலை 6-க்கு எழுப்பல். தாளில் கச்சிதம். நடைமுறையில் முடியாமல் நின்ற வேலை, நாளைய கருவிகளை எடுத்து வைப்பது, வீட்டோடு பேசுவது எல்லாமே அந்த எட்டரை மணி நேரத்தைத்தான் கடிக்கின்றன. வேறெங்கும் இடம் விடவில்லை. வரும் கலம் இணையும் நேரத்தைத் தீர்மானிப்பது சுற்றுப்பாதைக் கணக்கு, ஆளின் உடம்பு இல்லை. அது நள்ளிரவில் விழுந்தால் தூக்கநேரத்தை ஒரே வீச்சில் பல மணி நேரம் நகர்த்துகிறார்கள். உடல் கடிகாரமோ நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் நகர்ந்தாலே பெரிது. மனிதக் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல் என்பதால், நகர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் படுக்கும் நேரத்தைத் தாமதமாக்குவது முன்கூட்டி இழுப்பதைவிட எளிது. நாளுக்கு ஒரு மணி நேரமாக, விளக்கையும் சேர்த்து மாற்றி.

இப்படிச் செய்யாததன் விலைக்குப் பழைய உதாரணங்கள் பஞ்சமில்லை. 1968 டிசம்பரில் அப்போலோ 8 குழு முறைவைத்துத் தூங்கியது. மூன்று பேரும் ஒரு சிறு கூட்டில் இருக்க, விழித்திருப்பவரின் பேச்சும் அசைவும் தூங்குபவரை விடாது. திரும்பும் வழியில், களைப்பின் உச்சத்தில், ஜிம் லவல் ஒரு தவறான கட்டளை எண்ணை உள்ளிட, கலம் எந்தத் திசையில் இருக்கிறது என்ற கணினியின் நினைவு அழிந்தது. விண்மீன்களைக் குறிபார்த்து அவர் மீண்டும் சரிசெய்தார். பிற்காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்குவது வழக்கமானது.

1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் ஒரு சரக்குக் கலத்தைக் கையால் இயக்கி இணைக்கும் ஒத்திகை நடந்தது. கலம் ஸ்பெக்டர் பகுதியில் மோதி ஓட்டை போட்டது. தூரமும் வேகமும் காட்டும் கருவி இல்லாதது, படம் தெளிவில்லாதது எனக் காரணங்கள் பல. பின்னர் அலசியவர்கள் குழுவின் களைப்பையும் தூக்கக்குறைவையும் அவற்றோடு சேர்த்தே எண்ணினார்கள். மோதிய வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர். அந்த வேகத்தில் மூன்று விநாடி நொடித்தூக்கம் என்பது ஒன்பது மீட்டர். மூன்று வாரம் கழித்து, ஜூலை நடுவில், அதே நிலையத்தில் ஒரு கம்பியைத் தவறாகக் கழற்றியதில் நிலையமே திசைக்கட்டுப்பாட்டை இழந்து மின்சாரம் குன்றியது.

இன்னொன்றையும் 2014 ஆய்வு காட்டியது: புறப்படுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பான பயிற்சிக் காலத்திலேயே சராசரித் தூக்கம் ஆறரை மணி நேரத்தைத் தொடவில்லை. கடனோடுதான் ஏறுகிறார்கள். அறையையும் விளக்கையும் குறை சொல்வதற்கு முன்பே கணக்கில் பற்று விழுந்துவிட்டது. அட்டவணைக்கு ஐந்தில் ஒன்றரை, அந்த அரையும் எட்டரை மணி நேரம் என்று எழுதி வைத்ததற்காக.

செவ்வாய்க்குப் போகும் கப்பலுக்கு இதே ஏற்பாடு போதுமா

அறையை எடுக்கலாம், வடிகட்டியை மாற்றி, கப்பலில் ஆட்கள் எத்தனையோ அத்தனை அறைகளாக. விளக்கை எடுக்கலாம், தானியங்கி நேரத்தோடு. வழியில் செவ்வாய் நேரத்துக்கு மாற வேண்டிய அவசியம் இல்லை, 24 மணி நேரமே போதும். தரையிறங்கிய பிறகுதான் சிக்கல். அங்கே ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. நம் உடல் கடிகாரம் இயல்பாகவே சில நிமிடம் நீளம் என்பதைக் கழித்தாலும், அதை ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் போல நீட்ட வேண்டும். பிரகாசமான நீல ஒளியைச் சரியான வேளையில் கொடுத்தால் பெரும்பாலோருக்கு அது கைகூடும். கைகூடாத ஒருவர் குழுவில் இருக்கலாம், அவர் யார் என்பதைப் புறப்படும் முன் தரையிலேயே பார்த்துவிட வேண்டும்.

மாத்திரைப் பெட்டியை அப்படியே நம்பக்கூடாது. நிலையத்தின் மருந்துப் பட்டியலை 2024-இல் அலசியவர்கள், ஆயுட்காலம் தெரிந்த மருந்துகளில் பாதிக்குமேல் 36 மாதங்களுக்குள் காலாவதியாகிவிடும் என்று கண்டார்கள். போய்வர ஏறத்தாழ அதே காலம் ஆகும், வழியில் சரக்குக் கலமும் வராது.

பரிசோதனையைக் கட்டாயம் எடுக்க வேண்டும், வேறு விதிகளோடு. ஒரு வழிச் செய்திக்கே 22 நிமிடம் வரை ஆகும் தூரத்தில், மந்தமான குரலைக் கேட்டுத் தரைக்கட்டுப்பாடு வேலையை நிறுத்தச் சொல்லும் என்று காத்திருக்க முடியாது. இணைப்பு, இறக்கம், விண்நடை ஆகியவற்றுக்கு முன் ஒவ்வொருவரும் பரிசோதனை செய்யட்டும், எண்ணைக் கப்பலின் மருத்துவர் மட்டும் பார்க்கட்டும், அவரவர் அடிப்படை அளவோடு ஒப்பிடட்டும். எல்லையைத் தாண்டினால் முதல் நடவடிக்கை 40 நிமிடப் படுக்கை, அரை மணி நேரத் தெளிவு, மறு பரிசோதனை. அப்போதும் சரியாகாவிட்டால் ஆளை மாற்றுவது அல்லது வேலையை மறுநாளைக்குத் தள்ளுவது. தலைவரைக் கேட்காமலே தள்ளிவைக்கும் அதிகாரம் மருத்துவருக்கு வேண்டும், ஏனென்றால் தலைவரும் அதே ஆறு மணி நேரம்தான் தூங்கியிருப்பார். மருத்துவரின் எண்ணை இன்னொருவர் பார்க்க வேண்டும்.